ஒரு மக்கள்தொகையின் முழு மரபணுத்தொகைகளை வாசிப்பது எப்படி: மாதிரித் திட்டம் முதல் அல்லீல் விகித அட்டவணை வரை

இரண்டு பேரின் மரபணுத்தொகையில், அதாவது டிஎன்ஏவின் முழு எழுத்துத் தொடரில், ஒரு வேறுபாடு தென்பட்டால், அதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். அவர்கள் அந்த இடத்தில் உண்மையிலேயே வேறுபட்டவர்களாக இருக்கலாம். அல்லது அவர்களுடைய ரத்தம் வெவ்வேறு வாரங்களில் எடுக்கப்பட்டு, வெவ்வேறு வேதிப்பொருட்களால் தயாரிக்கப்பட்டு, வெவ்வேறு மென்பொருள் பதிப்புகளால் அலசப்பட்டிருக்கலாம். இறுதிக் கோப்பில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும்.

கீழே வரும் படிகள் எல்லாமே அந்த இரண்டாவது காரணத்தை விலக்குவதற்கானவை. புதிதாக வருபவர்கள் மென்பொருள் கட்டளைகளைக் கற்பதில் பல மாதங்களைச் செலவிடுகிறார்கள். ஆனால் நான் பார்த்தவரை அவர்கள் தடுக்கி விழுவது கட்டளைகளில் அல்ல. முதல் கட்டளைக்கு முன்பும், ஒரு கட்டளைக்கும் அடுத்த கட்டளைக்கும் நடுவிலும்தான்.

லினக்ஸ் கட்டளைவரி, ஆர் அல்லது பைத்தான் மொழி, அடிப்படை நிகழ்தகவு ஆகிய மூன்றும் தெரிந்திருந்தால் தொடங்கலாம். ஒரு சொல் வழக்கை இப்போதே வைத்துக்கொள்வோம்: தாயிடமிருந்து ஓர் எழுத்தையும் தந்தையிடமிருந்து வேறோர் எழுத்தையும் பெற்றிருக்கும் இடத்தை ‘இருவகை இடம்’ என்றும், இரண்டும் ஒன்றாக இருக்கும் இடத்தை ‘ஒருவகை இடம்’ என்றும் குறிப்பிடுகிறேன்.

1. கேள்வியை எழுதுங்கள், எண்ணிக்கை அதிலிருந்து வரட்டும்

எத்தனை பேர் வேண்டும் என்பதுதான் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி. எவ்வளவு அரிதான மாறுபாட்டைக் காண விரும்புகிறீர்கள் என்று தெரியாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது.

கணக்கு எளிது. ஒவ்வொருவரிடமும் இரண்டு பிரதிகள் இருப்பதால், உறவில்லாத 300 பேரிடம் 600 பிரதிகள் இருக்கும். ஓர் அல்லீல் (ஓர் இடத்தில் வரக்கூடிய எழுத்து வடிவங்களில் ஒன்று) 0.5 சதவீதப் பிரதிகளில் இருந்தால், அது 600 பிரதிகளில் ஒன்றில்கூட அகப்படாமல் போகும் வாய்ப்பு 0.995 என்னும் எண்ணை 600 முறை பெருக்கினால் வருவது. ஏறத்தாழ 5 சதவீதம். அதாவது 300 பேர் இருந்தால் அந்த அல்லீலை ஒரு முறையாவது காண 95 சதவீத வாய்ப்பு உண்டு. 1 சதவீத அல்லீலுக்கு 150 பேர் போதும். 0.1 சதவீதம் என்றால் 1,500 பேர் வேண்டும்.

இது காண்பதற்கான கணக்கு மட்டுமே. விகிதத்தைத் துல்லியமாக மதிப்பிடவும், நோயுடன் தொடர்புபடுத்தவும் இதைவிடப் பல மடங்கு ஆட்கள் வேண்டும்.

அடுத்தது ஆழம், அதாவது ஓர் இடத்தை எத்தனை முறை வாசிக்கிறோம் என்பது. இருவகை இடம் ஒன்றை நான்கு முறை மட்டும் வாசித்தால், நான்கும் ஒரே பக்கத்துப் பிரதியிலிருந்து வந்துவிட எட்டில் ஒரு பங்கு வாய்ப்பு இருக்கிறது. பத்து முறை வாசித்தால் அது 0.2 சதவீதமாகக் குறைகிறது. சராசரி 30 மடங்கு என்று திட்டமிடுவது, ஆழம் இடத்துக்கு இடம் ஏறி இறங்கும்போதும் பெரும்பாலான இடங்கள் பத்துக்குக் கீழே போகாமல் இருப்பதற்காகத்தான்.

பணம் குறைவாக இருந்தால் ஆழத்தைக் குறைத்து ஆட்களைக் கூட்டலாம். 1000 மரபணுத்தொகைகள் திட்டம் 2015-இல் வெளியிட்ட தரவு அப்படி அமைந்ததுதான்: 26 மக்கள் குழுக்கள், 2,504 பேர், சராசரி ஆழம் சுமார் 7.4. பரவலான மாறுபாடுகளுக்கு அந்த வழி நன்றாக வேலை செய்தது. ஆனால் ஒரே ஒருவரிடம் மட்டும் இருக்கும் மாறுபாட்டுக்கு அவருடைய ஆழத்தைத் தவிர வேறு சாட்சி கிடையாது. அரிய மாறுபாடுகள் உங்கள் கேள்வியில் இருந்தால் ஆழத்தில் கை வைக்காதீர்கள்.

எதைத் தேர்ந்தாலும் எல்லோருக்கும் ஒரே ஆழத்தை வையுங்கள். ஒரு குழுவை 30 மடங்கிலும் இன்னொன்றை 15 மடங்கிலும் வாசித்துவிட்டு, முதல் குழுவில் அரிய மாறுபாடுகள் அதிகம் என்று ஆய்வேட்டில் எழுதப்பட்டதைப் பார்த்திருக்கிறேன். அந்த வேறுபாடு மக்களிடம் இல்லை. இயந்திரம் ஓடிய நேரத்தில் இருந்தது.

2. ஒப்புதல் படிவத்தை மாதிரிக்கு முன் முடியுங்கள்

இதை நிர்வாக வேலை என்று தள்ளிப்போடுபவர்கள் இரண்டு ஆண்டுகள் கழித்துத் தரவைப் பகிர முடியாமல் நிற்பார்கள். மரபணுத்தொகைத் தரவில் பெயரை நீக்கினால் மட்டும் அடையாளம் நீங்கிவிடாது. ஒருவருடைய ஜீனோடைப் (ஒவ்வோர் இடத்திலும் அவருக்கு உள்ள இரண்டு எழுத்துகள்) கையில் இருந்தால், வெறும் தொகுப்பு அல்லீல் விகிதங்களை வைத்தே அவர் அந்தத் தொகுப்பில் இருக்கிறாரா என்று ஊகிக்க முடியும் என்பது 2008-இல் காட்டப்பட்டது. பெயரில்லாத மரபணுத்தொகைகளின் ஒய் குரோமோசோமையும் பொதுவில் கிடைக்கும் வம்சாவளித் தரவையும் இணைத்துக் குடும்பப் பெயரைக் கண்டுபிடிக்க முடியும் என்பது 2013-இல் காட்டப்பட்டது.

ஆகவே படிவத்தில் நான்கு கேள்விகளுக்கு நேரான பதில் இருக்க வேண்டும். தனிநபர் தரவை யார் பார்ப்பார்கள்? தொகுப்பு விகிதங்கள் பொதுவில் வருமா? சிகிச்சை செய்யக்கூடிய நோய்க்கான மாறுபாடு தற்செயலாகத் தெரிந்தால் பங்கேற்றவரிடம் சொல்வீர்களா? அவர் பின்னர் விலகினால் என்ன நடக்கும்? மூன்றாவது கேள்விக்கு ‘சொல்வோம்’ என்று எழுதினால், தனியாக இன்னொரு மாதிரி எடுத்து மருத்துவ ஆய்வகத்தில் உறுதிசெய்வதற்கும் மரபியல் ஆலோசகருக்கும் முன்கூட்டியே நிதி ஒதுக்குங்கள். சொல்வோம் என்று எழுதிவிட்டுச் சொல்ல வழியில்லாமல் இருப்பது, சொல்ல மாட்டோம் என்று நேர்மையாக எழுதுவதைவிட மோசமானது.

படிவம் பங்கேற்பவரின் மொழியில் இருக்க வேண்டும். சிறிய, தனித்து வாழும் சமூகம் என்றால் தனிநபர் ஒப்புதலுக்கு முன்பே சமூகத்தினரோடு உட்கார்ந்து பேசுங்கள். ஒருவரின் தரவு அவருடைய உறவினர்கள் அனைவரைப் பற்றியும் பேசுகிறது.

3. மாதிரியும் தட்டும்: ஆய்வின் வெற்றி தீர்மானமாகும் இடம்

ரத்தமா, உமிழ்நீரா, வளர்ப்புச் செல்லா? ஒன்றைத் தேர்ந்து எல்லோருக்கும் அதையே பயன்படுத்துங்கள். உமிழ்நீரில் பாக்டீரியா டிஎன்ஏவும் கலந்திருக்கும். அது வாசிப்புகளில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும், மனித ஆழம் எதிர்பார்த்ததைவிடக் குறையும். வளர்ப்புச் செல்கள் வளரும்போதே புதிய மாற்றங்களைச் சேர்த்துக்கொள்ளும். ரத்தமே பெரும்பாலும் நல்லது. ஆனால் முதியவர்களின் ரத்தத்தில் ஒரு ஸ்டெம் செல்லின் வழித்தோன்றல்கள் பெருகியிருக்கக்கூடும். டிஎன்எம்டி3ஏ, டெட்2 போன்ற மரபணுக்களில் அப்போது தெரியும் மாறுபாடு பெற்றோரிடமிருந்து வந்தது அல்ல. வயதைப் பதிவு செய்ய இது ஒன்றே போதுமான காரணம்.

டிஎன்ஏ அளவை ஒளிர்வு முறையில் அளவிடுங்கள். ஒளி உறிஞ்சும் கருவி ஆர்என்ஏவையும் சேர்த்து எண்ணி, இருப்பதைவிட அதிகமாகக் காட்டும். டிஎன்ஏவைப் பல நகல்களாக்கும் பிசிஆர் பெருக்கம் இல்லாத தயாரிப்பு முறைக்கு வழக்கமாக ஒரு மைக்ரோகிராம் அளவுக்கு டிஎன்ஏ கேட்கிறார்கள். இருந்தாலும் அந்த முறையே வேண்டும். பெருக்கம் செய்தால் ஜி, சி எழுத்துகள் மிகுந்த பகுதிகளில் ஆழம் குறையும். ஒரே எழுத்து தொடர்ந்து வரும் இடங்களில் பொய்யான சேர்க்கைகளும் நீக்கங்களும் தோன்றும்.

இப்போது மாதிரிகளை வைக்கும் 96 குழித் தட்டு. முதல் குழுவின் மாதிரிகள் முதலில் வந்ததால் முதல் தட்டில், இரண்டாம் குழு இரண்டாம் தட்டில் என்று வைப்பது இயல்பாகத் தோன்றும். இந்தத் துறையில் திருத்தவே முடியாத தவறு இதுதான். தட்டும் குழுவும் ஒன்றாகிவிட்டால் எந்தப் புள்ளியியல் முறையாலும் அவற்றைப் பிரிக்க முடியாது. எல்லா மாதிரிகளும் வந்து சேரும்வரை காத்திருங்கள். குழு, பாலினம், வயது, சேகரித்த இடம் எல்லாம் ஒவ்வொரு தட்டிலும் கலந்திருக்கும்படி கணினியால் குலுக்கி வையுங்கள்.

தட்டில் மூன்று வகை மாதிரிகளைக் கட்டாயம் சேருங்கள். ஒரே நபரின் டிஎன்ஏ இரண்டு தட்டுகளில் இருக்க வேண்டும். தாய், தந்தை, குழந்தை என்று சில மூவர் தொகுதிகள் வேண்டும். உண்மை விடை தெரிந்த ஒரு மாதிரியும் வேண்டும். ‘ஜீனோம் இன் எ பாட்டில்’ கூட்டமைப்பு ஆராய்ந்து வைத்திருக்கும் எச்ஜி001, எச்ஜி002 ஆகியவை இதற்கானவை. நிதிக்குழு இவற்றை வீண்செலவு என்று வெட்டப் பார்க்கும். விட்டுக்கொடுக்காதீர்கள். எட்டாம் படியில் இவற்றைத் தவிர உங்களுக்கு வேறு அளவுகோல் இல்லை.

4. ஒப்பீட்டு வரிசையைத் தேர்ந்து பூட்டிவையுங்கள்

ஒப்பீட்டு வரிசை என்பது வாசிப்புகளை ஒப்பிட்டுப் பார்க்கும் பொதுவான மனித டிஎன்ஏ எழுத்துத் தொடர். ஜிஆர்சிஎச்38 என்னும் வரிசையே இன்று பெரும்பாலான பொதுத் தரவுகளின் அடிப்படை. 2022-இல் வெளியான டி2டி-சிஎச்எம்13 இடைவெளிகளை நிரப்பியது. கடினமான பகுதிகளில் அது மேலானது. ஆனால் ஒப்பிட வேண்டிய அல்லீல் விகிதங்களும் விளக்கக் குறிப்புகளும் ஜிஆர்சிஎச்38-க்கே அதிகம் கிடைக்கின்றன. முதல் ஆய்வு என்றால் அதையே எடுங்கள்.

அதிலும் எந்தக் கோப்பு என்பது முக்கியம். சில பகுதிகளின் மாற்று வரிசைகளும் உள்ள கோப்பை அவற்றைக் கையாளத் தெரியாத முறையில் பயன்படுத்தினால், ஒரே வாசிப்பு இரண்டு இடங்களிலும் பொருந்தி, மென்பொருள் இரண்டையும் நம்பாமல் விட்டுவிடும். எக்ஸ், ஒய் குரோமோசோம்களின் முனைகளில் உள்ள பொதுவான பகுதி ஒய் பக்கத்தில் மறைக்கப்படாவிட்டால் அங்கேயும் இதே கதிதான். அலசலுக்கென்றே தயாரிக்கப்பட்ட தொகுப்பை இறக்கி, அதன் சரிபார்ப்பு எண்ணைக் குறித்துவைத்து, ஆய்வு முடியும்வரை மாற்றாதீர்கள்.

5. வாசிப்புகளைப் பொருத்துதல்

30 மடங்கு ஆழம் என்பது ஒருவருக்கு 9,000 கோடிக்கும் மேற்பட்ட எழுத்துகள். ஒரு டிஎன்ஏ துண்டின் இரு முனைகளிலிருந்தும் 150 எழுத்துகளைப் படிக்கும் இணை வாசிப்புகளாக 30 கோடிக்கும் மேற்பட்ட இணைகள். பிடபிள்யூஏ-மெம் மென்பொருள் கொண்டு ஒவ்வொரு வாசிப்பையும் ஒப்பீட்டு வரிசையில் அதன் இடத்தில் பொருத்தி, வரிசைப்படுத்தி, நகல் வாசிப்புகளைக் குறியிட வேண்டும். ஒரே மூலக்கூறு இரண்டு முறை வாசிக்கப்பட்டால் அது இரண்டு சாட்சிகள் ஆகாது என்பதால்தான் நகல்களைக் குறியிடுகிறோம்.

ஒவ்வொரு வாசிப்புக்கும் அது எந்த மாதிரி, இயந்திரத்தின் எந்த ஓட்டம், அதில் எந்தத் தடம் என்னும் அடையாளத்தைப் பொருத்தும்போதே சேர்த்துவிடுங்கள். பின்னால் ஒரு தடம் மட்டும் பழுது என்று தெரிந்தால் அதை மட்டும் நீக்கலாம். அடையாளம் இல்லையென்றால் முழு மாதிரியையும் இழப்பீர்கள்.

இரு வண்ண முறையில் ஓடும் இயந்திரங்களில் ஒளி இல்லாத இடம் ஜி என்று பதிவாகும். வாசிப்பின் முனையில் ஜி மட்டும் தொடர்ந்து வந்தால், அது பெரும்பாலும் டிஎன்ஏ முடிந்துபோனதன் அடையாளம். அதை வெட்டிவிடுங்கள்.

பொருத்திய வாசிப்புகள் உள்ள பாம் (BAM) கோப்பை, அதைச் சுருக்கி வைக்கும் கிராம் (CRAM) வடிவத்துக்கு மாற்றினால் ஒருவருக்கு ஏறத்தாழ 15 முதல் 20 ஜிகாபைட் வரை ஆகும். ஆயிரம் பேருக்கு 20 டெராபைட் வரை என்று எண்ணுங்கள். இடைநிலைக் கோப்புகளுக்கு இதன் இரண்டு மூன்று மடங்கு இடம் வேண்டும். கிராம் கோப்பைத் திறக்க அதே ஒப்பீட்டு வரிசை தேவை. வரிசைக் கோப்பை அழித்துவிட்டு விழிக்கும் புதியவர்கள் ஆண்டுதோறும் வருகிறார்கள்.

6. இந்த மாதிரி யாருடையது என்று சோதியுங்கள்

மாறுபாடுகளைத் தேடும் முன், ஒவ்வொரு கோப்பும் அதன் பெயரில் உள்ளவருடையதுதானா என்று பார்க்க வேண்டும். நூற்றுக்கணக்கான குழாய்கள் கை மாறும் எந்தத் திட்டத்திலும் ஓரிரண்டு இடம் மாறியே இருக்கும்.

முதலில் பாலினம். எக்ஸ், ஒய் குரோமோசோம்களின் ஆழத்தை மற்றவற்றோடு வகுத்துப் பாருங்கள். பதிவேட்டோடு பொருந்தவில்லை என்றால் உடனே ‘மாதிரி மாறிவிட்டது’ என்று முடிவு கட்டக் கூடாது. இரண்டு எக்ஸும் ஒரு ஒய்யும் கொண்ட ஆண்கள் இருக்கிறார்கள். வயதான ஆண்களின் ரத்தச் செல்களில் ஒரு பகுதி ஒய்யை இழந்திருப்பதும் உண்டு. பதிவேட்டில் எழுத்துப் பிழையும் இருக்கலாம். எண்களைத் தாளில் வரைந்து பாருங்கள். மாறிப்போன மாதிரி எதிர்க் கூட்டத்தின் நடுவில் நிற்கும், உயிரியல் காரணம் உள்ளவை இரண்டு கூட்டங்களுக்கும் வெளியே நிற்கும்.

அடுத்தது கலப்படம். பக்கத்துக் குழியிலிருந்து ஒரு துளி சேர்ந்தாலும் இல்லாத இருவகை இடங்கள் முளைக்கும். வெரிஃபைபாம்ஐடி2 என்னும் மென்பொருள் இதை மதிப்பிடும். 3 சதவீதத்துக்கு மேல் போனால் நான் அந்த மாதிரியை விட்டுவிடுகிறேன். சிலர் 5 சதவீதம் வரை ஏற்கிறார்கள். அரிய மாறுபாடுகளே கேள்வி என்றால் அது தாராளம் அதிகம் என்பது என் கருத்து.

மூன்றாவது, உறவு. மூவர் தொகுதிகள் உண்மையில் பெற்றோரும் பிள்ளையுமாகத் தெரிகிறார்களா? நகல் மாதிரிகள் ஒன்றாகத் தெரிகின்றனவா? எதிர்பாராத இடத்தில் இரண்டு மாதிரிகள் ஒரே நபராகத் தெரிந்தால், குழாய் மாறியிருக்கலாம். அல்லது ஒருவரே இரண்டு முகாம்களில் ரத்தம் கொடுத்திருக்கலாம். அல்லது ஒருகருமுட்டை இரட்டையர்களாக இருக்கலாம். களப்பணியாளரைக் கேளுங்கள், அவர் குறிப்பேட்டில் பதில் இருக்கும். மூவர் தொகுதியில் பதிவான தந்தை உயிரியல் தந்தையாக இல்லாமலும் போகலாம். அது அந்தக் குடும்பத்தின் செய்தி. அலசலிலிருந்து மூவரையும் அமைதியாக விலக்கிவிடுங்கள். யாரிடமும் பேசவோ, மின்னஞ்சலில் எழுதவோ வேண்டாம்.

7. கூட்டாக அழையுங்கள்

வாசிப்புகளைப் பார்த்து எங்கே மாறுபாடு இருக்கிறது என்று தீர்மானிப்பதையே ‘அழைத்தல்’ என்கிறோம். இந்தப் படியைப் புரிந்துகொண்டவர்கள் பாதிக் கிணற்றைத் தாண்டிவிட்டார்கள்.

ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக மாறுபாட்டுக் கோப்பை உருவாக்கிப் பிறகு ஒட்டினால் என்ன ஆகும்? ஒரு மாறுபாடு கந்தனின் கோப்பில் இருக்கிறது, வள்ளியின் கோப்பில் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். வள்ளியிடம் அந்த மாறுபாடு இல்லையா, அல்லது அந்த இடம் வாசிக்கப்படவே இல்லையா? தனிக் கோப்பில் இரண்டுமே வெற்றிடம்தான். ஒட்டும் கருவி வெற்றிடத்தை ‘மாறுபாடு இல்லை’ என்று நிரப்பினால் அல்லீல் விகிதம் குறைகிறது. ‘தெரியவில்லை’ என்று நிரப்பினால் கூடுகிறது. இரண்டும் பொய்.

ஆகவே ஒவ்வொருவருக்கும் முதலில் ஜிவிசிஎஃப் என்னும் இடைநிலைக் கோப்பை உருவாக்குகிறோம். மாறுபாடு இல்லாத இடங்களையும், அங்கே எவ்வளவு உறுதி இருக்கிறது என்பதையும் அது பதிவு செய்கிறது. பிறகு எல்லோரையும் சேர்த்து ஜீனோடைப்பைத் தீர்மானிக்கிறோம். ஜிஏடிகே மென்பொருள் தொகுப்பின் ஹாப்ளோடைப்காலர் ஒரு வழி. டீப்வேரியண்ட்டும் ஜிஎல்நெக்ஸஸும் சேர்ந்தது இன்னொரு வழி. இரண்டும் நல்லவை. பாதிப் பேருக்கு ஒன்று, மீதிப் பேருக்கு இன்னொன்று என்பதுதான் கூடாது. அடுத்த ஆண்டு புதிய பதிப்பு வந்தால் எல்லோரையும் மறுபடி ஓட்டுங்கள், அல்லது பழையதிலேயே இருங்கள்.

வெளியில் கிடைக்கும் பொதுத் தரவுகளுடன் ஒப்பிடுவதற்கும் இதே விதிதான். 1000 மரபணுத்தொகைகள் திட்டத்தின் மாதிரிகள் பின்னர் 30 மடங்கில் மறுவாசிப்பு செய்யப்பட்டு 3,202 பேருக்குக் கிடைக்கின்றன. அவற்றின் இறுதிப் பட்டியலை எடுத்து உங்களுடையதோடு ஒட்டாதீர்கள். இயன்றால் கிராம் கோப்பிலிருந்து தொடங்கி உங்கள் செயல்வரிசையிலேயே ஓட்டுங்கள்.

எக்ஸ், ஒய் குரோமோசோம்களில் ஆண்களுக்கு ஒரே பிரதிதான் என்பதை மென்பொருளுக்குச் சொல்ல மறந்தால், ஆண்களின் எக்ஸில் இருவகை இடங்கள் வரும். இது மிகப் பரவலான பிழை.

கடைசியில், பிசிஎஃப்டூல்ஸ் மென்பொருள் கொண்டு எல்லாவற்றையும் ஒரே எழுத்துமுறைக்குக் கொண்டு வாருங்கள். ஒரே நீக்கத்தை இரண்டு மூன்று விதமாக எழுத முடியும். அதை இயன்றவரை இடப்பக்கம் ஒதுக்கி எழுதாவிட்டாலோ, பல அல்லீல் கொண்ட வரிகளைப் பிரிக்காவிட்டாலோ உங்கள் மாறுபாடு பிற தரவுத்தளங்களில் ‘புதியது’ என்று தோன்றும். புதிய மாறுபாடுகள் ஏராளம் என்று மகிழ்வதற்கு முன் இதைச் சரிபாருங்கள்.

8. வடிகட்டுதல்: எதை வெட்டுகிறோம், ஏன் வெட்டுகிறோம்

வடிகட்டி மூன்று அடுக்குகளில் வேலை செய்கிறது: இடம், ஜீனோடைப், மாதிரி.

இட அடுக்கில், உண்மை என்று ஏற்கெனவே தெரிந்த மாறுபாடுகளைக் கொண்டு பயிற்சி பெறும் விக்யூஎஸ்ஆர் முறை பெரிய தொகுப்புகளுக்கு ஏற்றது. சிறிய தொகுப்பில் நிலையான எல்லைகளைப் பயன்படுத்தலாம். ஒற்றை எழுத்து மாறுபாடுகளுக்கு க்யூடி (ஆழத்தால் வகுத்த தர மதிப்பு) 2-க்குக் கீழ், எஃப்எஸ் 60-க்கு மேல், எம்க்யூ (வாசிப்புகள் பொருந்திய உறுதி) 40-க்குக் கீழ் என்றால் விலக்குவது ஜிஏடிகே வழிகாட்டும் தொடக்கப் புள்ளி. எஃப்எஸ் என்பது மாறுபாடு டிஎன்ஏவின் ஒரு இழையில் மட்டுமே தெரிகிறதா என்று கேட்கிறது. உண்மையான மாறுபாடு இரண்டு இழைகளிலும் தெரிய வேண்டும்.

ஜீனோடைப் அடுக்கில், ஆழம் 10-க்குக் கீழ் அல்லது ஜிக்யூ (ஜீனோடைப்பின் உறுதி) 20-க்குக் கீழ் இருந்தால் ‘தெரியவில்லை’ என்று மாற்றுங்கள். இருவகை இடத்தில் மாற்று அல்லீலின் பங்கு 20 முதல் 80 சதவீதத்துக்குள் இல்லாவிட்டாலும் அப்படியே. ‘தெரியவில்லை’ என்பதை ‘மாறுபாடு இல்லை’ என்று எழுதிவிடாதீர்கள். ஏழாம் படியின் உழைப்பு முழுவதும் இங்கே பாழாகும்.

இனி ஹார்டி-வைன்பெர்க் சோதனை: ஓர் இடத்தில் இருவகையாக இருப்பவர்களின் எண்ணிக்கை, அல்லீல் விகிதத்திலிருந்து எதிர்பார்க்கும் அளவில் இருக்கிறதா என்று பார்ப்பது. பாடப்புத்தகம் சொல்கிறதே என்று, சமநிலையிலிருந்து விலகும் எல்லா இடங்களையும் புதியவர்கள் வெட்டித் தள்ளுகிறார்கள். பல குழுக்களைக் கலந்து பார்த்தால் இருவகை இடங்கள் எதிர்பார்த்ததைவிடக் குறைவாகத்தான் இருக்கும். நெருங்கிய உறவுக்குள் மணம் செய்யும் குழுவிலும் அப்படித்தான். உடன்பிறந்தோரின் பிள்ளைகள் மணந்து பிறக்கும் குழந்தைக்குப் பதினாறில் ஒரு பங்கு மரபணுத்தொகை இரு பக்கமும் ஒரே மூதாதையிடமிருந்து வந்திருக்கும் என்பது சராசரிக் கணக்கு. இந்தக் குறைவு பிழை அல்ல. நீங்கள் காண வந்த உண்மை. வெட்ட வேண்டியது எதிர்த் திசையை: இருவகை இடங்கள் அளவுக்கு மீறி இருப்பவற்றை. மரபணுத்தொகையின் இரண்டு ஒத்த பகுதிகளின் வாசிப்புகள் ஒரே இடத்தில் குவிந்தால் எல்லோரும் அங்கே இருவகையாகத் தெரிவார்கள். சோதனையைக் குழுவுக்குள் செய்யுங்கள், ஒரு பக்கமாகச் செய்யுங்கள்.

மாதிரி அடுக்கிலும் இதே எச்சரிக்கைதான். ஒருவருக்கு இருவகை, ஒருவகை இடங்களின் விகிதம் மற்றவர்களைவிட மிகக் குறைவு என்று விலக்கினால், நெருங்கிய உறவில் பிறந்தவர்களை எல்லாம் நீக்கிவிட்டு அந்த மக்களைப் பற்றி எழுதுவீர்கள். விலகலை அவரவர் குழுவுக்குள்ளேயே அளவிடுங்கள்.

வடிகட்டி சரியா என்று பார்க்க மூன்றாம் படியின் மாதிரிகள் வருகின்றன. நகல் மாதிரிகளின் ஒப்புமையை எல்லா இடங்களிலும் கணக்கிட்டால் 99.9 சதவீதம் வரும். அது எதையும் சொல்லவில்லை, ஏனென்றால் பெரும்பாலான இடங்களில் எல்லோருமே ஒப்பீட்டு வரிசையைப் போன்றவர்கள்தான். இரண்டில் ஒன்றிலாவது மாற்று அல்லீல் உள்ள இடங்களில் மட்டும் ஒப்பிடுங்கள். மூவர் தொகுதியில், குழந்தையிடம் புதிதாகத் தோன்றும் ஒற்றை எழுத்து மாற்றங்கள் உண்மையில் 60, 70 அளவில்தான் இருக்கும். உங்கள் பட்டியல் பல்லாயிரம் காட்டினால் வடிகட்டி இன்னும் தளர்வாக இருக்கிறது.

வேறு இரண்டு எண்களையும் கையில் வைத்திருங்கள். ஒருவர் ஒப்பீட்டு வரிசையிலிருந்து வேறுபடும் இடங்கள் 41 லட்சத்திலிருந்து 50 லட்சம் வரை என்பது 1000 மரபணுத்தொகைகள் திட்டத்தின் கண்டுபிடிப்பு. ஏ-ஜி, சி-டி மாற்றங்களுக்கும் பிற மாற்றங்களுக்கும் உள்ள விகிதம் முழு மரபணுத்தொகையில் 2-ஐ ஒட்டி இருக்க வேண்டும். தற்செயல் பிழைகளில் அந்த விகிதம் 0.5. உங்கள் எண் 2-இலிருந்து இறங்க இறங்கப் பட்டியலில் பிழைகள் கூடுகின்றன என்று பொருள்.

9. உறவினர்களை விலக்கி, மக்கள் அமைப்பைப் பாருங்கள்

கிங் கருவியின் உறவுக் குணகத்தில் 0.177-க்கு மேல் முதல் நிலை உறவு (பெற்றோர்-பிள்ளை, உடன்பிறந்தோர்), 0.0884-க்கு மேல் இரண்டாம் நிலை (தாத்தா-பேரன் போன்றவை). விகிதங்களைக் கணக்கிடும் முன் இரண்டாம் நிலை வரை உள்ள இணைகளில் ஒருவரை விலக்குங்கள். யாருக்கு உறவினர் அதிகமோ அவரை முதலில் எடுத்தால் இழப்பு குறையும். தலைமுறைகளாகத் தமக்குள் மணம் செய்யும் குழுவில் பல தூரத்து உறவுகள் சேர்ந்து நெருங்கிய உறவுபோலத் தெரியும். அங்கே எல்லைகளைக் கண்மூடிப் பின்பற்றாமல் குடும்ப விவரத்தோடு ஒப்பிடுங்கள்.

மரபு ஒற்றுமையின்படி ஆட்களைப் படத்தில் புள்ளிகளாகப் பரப்பும் முதன்மைக் கூறு அலசலுக்கு முன், ஒன்றோடொன்று பிணைந்து வரும் மாறுபாடுகளைப் பிளிங்க் மென்பொருள் கொண்டு குறையுங்கள். 6-ஆம் குரோமோசோமின் நோயெதிர்ப்புப் பகுதி, 8-ஆம் குரோமோசோமின் தலைகீழ்ப் பகுதி போன்ற நீண்ட பிணைப்புப் பகுதிகளை முழுவதுமாக நீக்குங்கள். இல்லாவிட்டால் மூன்றாவது, நான்காவது கூறு மக்களைக் காட்டாமல் அந்த ஒரு துண்டைக் காட்டும்.

படம் வந்தவுடன், மக்கள் குழுவால் வண்ணம் கொடுக்காதீர்கள். முதலில் தட்டால், பிறகு ஓட்ட நாளால், பிறகு டிஎன்ஏ பிரித்த ஆய்வகத்தால் வண்ணம் கொடுங்கள். ஒருமுறை மாணவர் ஒருவர், இதுவரை அறியப்படாத உட்குழு என்று இரண்டு தெளிவான கூட்டங்களைக் காட்டினார். தயாரிப்பு முறையால் வண்ணம் கொடுத்ததும் ஒரு கூட்டம் முழுவதும் பிசிஆர் செய்தது, இன்னொன்று செய்யாதது என்று தெரிந்தது. ஆறு மாத எழுத்து அத்துடன் போயிற்று. அந்த முகத்தை இன்றும் மறக்க முடியவில்லை.

அட்மிக்சர் போன்ற கருவிகள் நீங்கள் கேட்ட எண்ணிக்கையில் மூதாதைக் கூறுகளைப் பிரித்துத் தரும். ஐந்து கேட்டால் ஐந்து. அவை வரலாற்றில் வாழ்ந்த ஐந்து கூட்டங்கள் அல்ல. மாதிரிகளின் விகிதத்தை மாற்றினால் கூறுகளும் மாறும்.

10. அல்லீல் விகித அட்டவணை

விகிதத்தோடு வகுக்கும் எண்ணையும் கட்டாயம் கொடுங்கள். ஓர் இடத்தில் 600 பிரதிகளும் வாசிக்கப்பட்டு 3 கிடைப்பதும், 200 மட்டும் வாசிக்கப்பட்டு 1 கிடைப்பதும் ஒரே 0.5 சதவீதம்தான், நம்பகத்தன்மை ஒன்றல்ல.

ஒருவரிடம் மட்டும் காணப்படும் மாறுபாடுகள் பட்டியலில் மிகுந்திருப்பதைக் கண்டு அஞ்ச வேண்டாம். டாப்மெட் என்னும் அமெரிக்க மரபணுத்தொகைத் திட்டத்தின் முதல் 53,831 பேரில் 40 கோடிக்கும் மேற்பட்ட மாறுபாடுகள் கிடைத்தன. அவற்றில் 97 சதவீதம் 1 சதவீதத்துக்கும் குறைவான விகிதம் கொண்டவை, 46 சதவீதம் ஒருவரிடம் மட்டுமே காணப்பட்டவை. அஞ்ச வேண்டியது, அந்த ஒற்றை மாறுபாடுகள் சில மாதிரிகளில் மட்டும் குவிந்திருந்தால். ஆறாம் படிக்குத் திரும்பி அந்த மாதிரிகளைப் பாருங்கள்.

11. விளக்கக் குறிப்பு சேர்த்தல்

விஇபி போன்ற கருவி ஒவ்வொரு மாறுபாடும் எந்த மரபணுவில், புரதத்தில் என்ன விளைவு என்று எழுதும். ஒரு மரபணுவிலிருந்து பல ஆர்என்ஏ வடிவங்கள் வரும் என்பதால் எந்த வடிவத்தை அடிப்படையாகக் கொள்வது என்று முன்பே தீர்மானியுங்கள்; மரபணுவுக்கு ஒரு வடிவம் என்று தேர்ந்து வைத்திருக்கும் மேன் செலக்ட் தொகுப்பு நல்ல இயல்புத் தேர்வு. மிக மோசமான விளைவை மட்டும் எடுத்தால், எங்கும் வெளிப்படாத ஒரு வடிவத்தை வைத்து ‘மரபணு செயலிழந்தது’ என்று எழுத நேரும்.

புரதத்தை முறிக்கும் மாறுபாடு ஒருவருக்கு இருப்பதால் அவர் நோயாளி ஆகிவிடமாட்டார். நலமாக இருப்பவர்களிடமும் இவை இருக்கின்றன. நோய் தொடர்பான மாறுபாடுகளைத் தொகுக்கும் கிளின்வார் தரவுத்தளத்தில் நோய்க்காரணி என்று குறிக்கப்பட்ட ஒன்று உங்கள் மக்களிடம் 3 சதவீதம் காணப்பட்டால், அந்த நோய் அவ்வளவு பரவலாக இல்லாதபோது, சந்தேகிக்க வேண்டியது பழைய குறிப்பைத்தான். இதுவரை வாசிக்கப்படாத மக்களைப் படிப்பதால் கிடைக்கும் மிக உடனடியான பயன் இதுவே: யாரோ ஒருவருக்குத் தவறாகச் சொல்லப்பட்ட நோய்ப் பெயரைத் திருத்த முடிகிறது.

12. குறுகிய வாசிப்பு காணாதவை

150 எழுத்து வாசிப்புகளால் பெரிய சேர்க்கைகள், திரும்பத் திரும்ப வரும் பகுதிகள், தலைகீழ்த் துண்டுகள் ஆகியவற்றை முழுமையாகக் காண முடியாது. மாண்டா, டெல்லி போன்ற கருவிகள் ஒரு பகுதியைக் கண்டுபிடிக்கும். நீண்ட வாசிப்புகள் ஒருவரிடம் காணும் இத்தகைய கட்டமைப்பு மாறுபாடுகள் 20,000-க்கும் மேல், குறுகிய வாசிப்புகள் காண்பவை அதில் பாதிக்கும் குறைவு. நிதி இருந்தால் சிலரையாவது நீண்ட வாசிப்பில் ஓட்டுங்கள். இல்லையென்றால், எந்தப் பகுதிகளை அலசவில்லை என்ற பட்டியலை வெளியிடுங்கள்.

13. பகிர்தல்

தொகுப்பு விகிதங்கள் பொதுவிலும், தனிநபர் கோப்புகள் அனுமதிக் குழுவின் பின்னாலும் இருப்பதே வழக்கம். ஒப்பீட்டு வரிசையின் பதிப்பு, மென்பொருள் பதிப்புகள், வடிகட்டி எல்லைகள், விலக்கிய மாதிரிகளின் எண்ணிக்கையும் காரணமும் ஆகியவற்றை அட்டவணையோடு சேர்த்து வையுங்கள். பிற கோப்புகளோடு இணைக்கும்போது மாறுபாட்டுப் பட்டியலான விசிஎஃப் கோப்பு 1-இலிருந்தும், பகுதிகளைக் குறிக்கும் பெட் கோப்பு 0-இலிருந்தும் இடங்களை எண்ணத் தொடங்குகின்றன என்பதைப் பயனர்களுக்கு நினைவூட்டுங்கள். ஓர் எழுத்துத் தள்ளிப்போன ஒப்பீடு பிழைச் செய்தி எதுவும் காட்டாமல் ஓடிவிடும்.

பங்கேற்ற ஒருவர் விலகினால் அவருடைய கோப்பை அழிப்பதோடு வேலை முடிவதில்லை; விகிதங்களை மறுபடி கணக்கிட்டு, புதிய பதிப்பு எண்ணோடு வெளியிட வேண்டும். அதற்காக ஒவ்வொரு பதிப்பிலும் எந்தெந்த மாதிரி எண்கள் இடம்பெற்றன என்ற பட்டியலை முதல் வெளியீட்டு நாளிலிருந்தே தனியாகப் பூட்டி வையுங்கள்.